பெகுவில் விளையும் உளுந்து, தில்லியில் முடிவாகும் விலை

பர்மாவில் எங்கள் பக்கத்தில் நெல் அறுத்த வயலிலேயே உளுந்து விதைத்துவிடுவார்கள். மழை விட்டு, கார்த்திகை வாக்கில் அறுவடை முடிந்ததும், மண்ணில் ஈரம் காய்வதற்குள் விதை விழுந்தாக வேண்டும். அப்புறம் பெரிதாகத் தண்ணீர் பாய்ச்சும் வேலை இல்லை. மிச்சமிருக்கும் ஈரமும் பனியுமே செடியை வளர்த்துவிடும். மாசி, பங்குனியில் செடியைப் பிடுங்கிக் களத்தில் காயப்போட்டு, அடித்து, தூற்றி, சாக்கில் கட்டினால் கையில் காசு. பெகு வட்டாரத்திலும் ஐராவதி டெல்டாவிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு வருஷத்தின் இரண்டாவது வருமானம் இதுதான். (பெகுவை இப்போது பாகோ என்று எழுதுகிறார்கள், பர்மா மியான்மர் ஆனதுபோல, ரங்கூன் யாங்கோன் ஆனதுபோல. நாங்கள் வீட்டில் பழைய பெயரைத்தான் சொல்கிறோம்.)

இந்த உளுந்து எங்கே போகிறது? பர்மியர் சமையலில் அதற்குப் பெரிய இடம் கிடையாது. ‘மட்பே’ என்று பெயர் இருக்கிறதே தவிர, தினசரிச் சாப்பாட்டில் அவ்வளவாக வருவதில்லை. எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் இட்லிக்கும் வடைக்கும் கொஞ்சம் எடுத்துவைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் மூட்டை மூட்டையாக ரங்கூன் பயின்னாவுங் மொத்தச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போய்விடும். இந்தியா வெளியிலிருந்து வாங்கும் உளுந்தில் மிகப் பெரிய பங்கு எங்கள் மண்ணில் விளைந்தது. தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கிறவர் காலையில் சாப்பிட்ட இட்லியில் எங்கள் ஊர் உளுந்து இருந்திருக்கலாம்.

நான் ரங்கூனில் ஒரு பயறு தரகுக் கடையில் கணக்கு எழுதுகிறவன். ‘உலகமயமாதல்’, ‘நலிவு நிலை’ என்ற இரண்டு சொற்களும் எனக்கு உண்மையில் புரிந்தது அந்தக் கணக்குப் புத்தகத்தில்தான். அதனால் இந்த விளக்கத்தையும் உளுந்திலிருந்தே தொடங்குகிறேன்.

2015 கடைசியில் இந்தியாவில் பருப்பு விலை தாறுமாறாக ஏறியது. இரண்டு வருஷம் தொடர்ந்து அங்கே மழை பொய்த்திருந்தது. துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த விலையைப் பார்த்து இங்கே எல்லாரும் பயறு போட்டார்கள். என் பெரியப்பா பக்கத்து நிலத்தையும் குத்தகைக்குப் பிடித்து உளுந்து விதைத்தார். அடுத்த வருஷம் இந்தியாவில் நல்ல மழை. அங்கேயும் விவசாயிகள் நம்பிக்கையோடு நிறைய விதைத்தார்கள், விளைச்சல் குவிந்தது, விலை விழுந்தது. தன் விவசாயிகளைக் காப்பாற்ற 2017 ஆகஸ்டில் இந்திய அரசு இறக்குமதிக்கு வரம்பு கட்டியது. துவரைக்கு வருஷத்துக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன், அவ்வளவுதான்.

செய்தி வந்த அன்று எங்கள் கடையில் கரும்பலகையில் இருந்த விலையை முதலாளி துணியால் துடைத்தார். புது விலை எழுதவில்லை. வாங்க ஆள் இல்லாத சரக்குக்கு என்ன விலை எழுதுவது? சாயங்காலம் பெரியப்பா போன் செய்தார். தீபாவளி வாக்கில் விலை ஏறும் என்று நாற்பது மூட்டையை விற்காமல் வைத்திருந்தார்.

“தம்பி, இன்னைக்கு என்ன விலைக்குப் போவுது?”

“இன்னைக்கு விலையே இல்ல பெரியப்பா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “விலை இல்லன்னா என்னப்பா அர்த்தம்? நல்லாத்தானே காயவெச்சிருக்கேன்.”

நன்றாகத்தான் காயவைத்திருந்தார். ஒரு குறையும் இல்லாத உளுந்து. கடைசியில் அதை விற்றபோது போன வருஷ விலையில் பாதிகூடத் தேறவில்லை.

தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டுமாம். பழைய நாளில் நடக்காத காரியத்தைச் சொல்வதற்கு இருந்த பேச்சு அது. உலகமயமாதல் அதை உண்மையாக்கிவிட்டது. சரக்கு, பணம், வேலையாட்கள், தகவல் எல்லாம் நாட்டு எல்லைகளைத் தாண்டி ஓட ஓட, ஒரு ஊரின் பிழைப்பு இன்னொரு ஊரின் முடிவுகளோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அதுதான் உலகமயமாதல். இதில் நல்லதும் உண்டு. இந்தியா வாங்கவில்லையென்றால் பெரியப்பா உளுந்தே போட்டிருக்க மாட்டார், அந்த வயல் நாலு மாதம் சும்மா கிடந்திருக்கும். அவர் பிள்ளைகள் படித்தது அந்தக் காசில்தான். ஆனால் முடிச்சின் ஒரு முனையில் இழுக்கிறவருக்கு மறுமுனையில் யார் இருக்கிறார் என்பது தெரியாது. தெரிந்தாலும் அவரைக் கேட்டுவிட்டு இழுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இனி நலிவு நிலை. பலரும் இதை வறுமை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. வறுமை என்பது இன்று கையில் இல்லாதது. நலிவு நிலை என்பது இன்று இருப்பது நாளைக்கு எவ்வளவு சுலபமாகப் போய்விடும் என்பது. 2017 ஜூலையில் பெரியப்பா ஏழை இல்லை. எட்டு ஏக்கர் நிலம், ஒரு கைடிராக்டர், தகரக் கூரை போட்ட வீடு எல்லாம் இருந்தது. ஆனால் எங்கேயோ எழுதப்படும் ஒரு அறிவிப்பு அவரைக் கடனாளி ஆக்கிவிடும் என்ற நிலையும் அப்போதே இருந்தது. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். பெகு ஆறு பெருகும்போது எல்லா வீட்டுக்கும் ஒரே சேதம் வருவதில்லை. முதலில், வீடு ஆற்றோரத்தில் இருக்கிறதா, மேட்டில் இருக்கிறதா? அடி வரும் வழியில் நாம் எவ்வளவு தூரம் நிற்கிறோம் என்பது அது. அடுத்தது, வீடு மூங்கில் பாயால் அடைத்ததா, செங்கல்லா? அதே வெள்ளம்தான், ஒன்று போய்விடும், இன்னொன்று நனைந்து நிற்கும். அப்புறம், தண்ணீர் வடிந்த பிறகு திரும்ப எழுப்பக் கையில் என்ன இருக்கிறது: சேமிப்பா, உறவா, கடன் தர ஒரு வங்கியா? பொருளாதாரத்தில் நலிவு நிலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் சுற்றிச் சுற்றி இந்த மூன்றைத்தான் கேட்கிறார்கள்.

உளுந்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். உளுந்து வாங்க உலகத்தில் சொல்லிக்கொள்ளும்படியான ஆள் இந்தியா ஒன்றுதான். பாசிப்பயறு அப்படி இல்லை. சீனாவும் வாங்குகிறது, வேறு நாடுகளும் வாங்குகின்றன. அதே 2017 வரம்பு இரண்டுக்கும் சேர்த்துத்தான் வந்தது. ஆனால் பாசிப்பயறு போட்டவருக்குத் தட்ட இன்னொரு கதவு இருந்தது. ஒரே ஒரு வாங்குபவரை நம்பி நிற்பவர் ஆற்றோரத்து வீட்டுக்காரர்.

கடன் வசதியும் சமமாக இல்லை. அரசு வேளாண் வங்கி ஏக்கருக்கு இவ்வளவு என்று கடன் கொடுக்கிறது, ஆனால் நெல்லுக்குக் கூடுதல், பயறுக்குக் குறைவு. பற்றாததற்கு ஊரில் வட்டிக்கு வாங்க வேண்டும், அறுவடை அன்றே திருப்ப வேண்டும். அதனால் ரொம்பக் கஷ்டப்படுகிறவர் விலை மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில், களத்திலேயே விற்றுவிடுகிறார். மூட்டையைப் பூட்டிவைத்துக் காத்திருப்பது ஓரளவு வசதி உள்ளவரால்தான் முடியும்.

எங்கள் ஆட்களில் பலருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, இதை நான் சொல்லாமல் விட முடியாது. 1982-ல் வந்த குடியுரிமைச் சட்டம் மக்களை மூன்று தட்டாகப் பிரித்தது. மூன்று தலைமுறையாக இங்கேயே உழுது வாழ்கிறவர்கள்கூட முழுக் குடியுரிமை அட்டை இல்லாமல் இருக்கிறார்கள். அட்டை சரியில்லை என்றால் நிலப் பத்திரம் சரியாக வராது. பத்திரம் இல்லை என்றால் வங்கிக் கடன் இல்லை. உளுந்து விலை விழுந்தபோது பெரியப்பாவுக்கும் அடுத்த வயல்காரருக்கும் ஒரே நஷ்டம். ஆனால் எழுந்து நிற்க ஒருவருக்கு இருந்த கைத்தடி இன்னொருவருக்கு இல்லை. நலிவு நிலை சந்தையில் மட்டும் உருவாவதில்லை. அலுவலகத்து மேசையிலும் உருவாகிறது.

இதெல்லாம் இன்றைக்கு வந்த புதுக் கதை என்று நினைக்க வேண்டாம். நாங்கள் இந்த நாட்டில் இருப்பதே உலகமயமாதலின் ஒரு பழைய அலையால்தான்.

1852-ல் ஆங்கிலேயர் கீழ் பர்மாவைப் பிடித்தபோது டெல்டா பெரும்பாலும் காடும் சேறும். நெல் வயல் சுமார் 10 லட்சம் ஏக்கர் இருந்திருக்கும். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்குக் கப்பல் பாதை சுருங்கியது, அரிசிக்கு விலை வந்தது. மேல் பர்மாவிலிருந்து குடும்பங்கள் இறங்கிவந்து காட்டை வெட்டின. 1930-களுக்குள் நெல் வயல் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா, வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் டன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயா ரப்பர் தோட்டத்திலும் வேலை செய்த நம் ஆட்கள் சாப்பிட்டது பெரும்பாலும் ரங்கூன் அரிசி.

காட்டை வயலாக்கப் பணம் வேண்டுமே. அதைக் கொடுத்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார்கள். 1929-30-ல் அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழு அவர்கள் பர்மாவில் போட்டிருந்த பணத்தைச் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அன்றைய கோடி. அறுக்கவும் மூட்டை தூக்கவும் ஆலையில் வேலை செய்யவும் தமிழ், தெலுங்கு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா அப்படி வந்தவர்தான்.

அப்புறம் 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. டெல்டாவில் ஒருவருக்கும் அந்தச் சந்தையில் ஒரு பங்குகூட இருந்திருக்காது. ஆனால் உலகம் முழுக்க வாங்கும் சக்தி சுருங்க, 1930 கடைசியில் நெல் விலை விழத் தொடங்கி, சில மாதங்களில் பாதிக்கும் கீழே போனது. நெல்லின் விலை பாதியானாலும் வாங்கிய கடன் பாதியாகவில்லை. தலைவரியும் பாதியாகவில்லை. இரண்டையும் ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். நூறு கூடை விற்று அடைத்த கடனை அடைக்க இப்போது இருநூறு கூடைக்கு மேல் வேண்டும், வயல் அதே வயல்தான். நிலங்கள் கைமாறின. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937-ல் அது 25 சதவீதம்.

இதைச் சொன்னால் சிலர், பார்த்தாயா, செட்டியார்கள் நிலத்தைப் பறித்தார்கள் என்று நிறுத்திவிடுவார்கள். வேறு சிலர் அவர்கள்மேல் தப்பே இல்லை என்று நிறுத்திவிடுவார்கள். இரண்டிலும் பாதிதான் இருக்கிறது என்பது என் எண்ணம். வட்டித் தொழில் செய்கிறவருக்கு வேண்டியது வட்டியும் முதலும். சேற்று வயல் இல்லை. ஓடிக்கொண்டிருந்த பணம் அசையாத மண்ணாகிவிட்டது. அதை விற்க ஆள் இல்லை, ஊருக்கு எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. 1942-ல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்குக் காடு வழியாக நடந்தே போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயி நிலத்தை இழந்தார். கடன் கொடுத்தவர் கடைசியில் அந்த நிலத்தையும் இழந்தார். ஆனால் முதலில் விழுந்தவர் விவசாயி. அவருக்கும் கீழே கூலி ஆள். நஷ்டம் எப்போதும் மேலிருந்து கீழே கைமாறி, யார் கையில் அதற்கு மேல் தள்ளிவிட ஆள் இல்லையோ அவர் கையில் வந்து நிற்கும்.

கூலி ஆட்களின் கதை இன்னும் கொடுமை. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த இடத்தில் பர்மியர்களை வேலைக்கு வைத்தார்கள். வேலைநிறுத்தம் தீர்ந்ததும் பர்மியர்களை நிறுத்திவிட்டார்கள். மோதல் வெடித்தது, பல இந்தியர்கள் செத்தார்கள். மூட்டை தூக்கும் இரண்டு ஏழைகள் அடித்துக்கொண்டார்கள். அந்த டிசம்பரிலேயே தாராவடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி தொடங்கியது. விலை விழுந்தால் கணக்கு மட்டும் கெடுவதில்லை. அக்கம்பக்கத்தில் இருப்பவரை எதிரியாகப் பார்க்கும் பார்வையும் வந்துவிடுகிறது.

ரங்கூன் அரிசியை நம்பியிருந்தவர்களுக்கும் அடி விழுந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் வங்காளத்துக்கு அரிசி நின்றது. 1943 வங்காளப் பஞ்சத்தின் பல காரணங்களில் அதுவும் ஒன்று.

சரி, அப்படியானால் கதவைச் சாத்திவிட்டால் பாதுகாப்பா? இந்த நாடு அதையும் செய்து பார்த்தது. 1962-க்குப் பிறகு ராணுவ அரசு வங்கிகளையும் கடைகளையும் நாட்டுடைமையாக்கியது. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. தமிழர்கள் உள்பட லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். சென்னையில் பர்மா பஜார் வந்தது அப்படித்தான். உலகத்துக்கே அரிசி போட்ட நாடு 1987-ல் ஐக்கிய நாடுகள் சபையின் மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகள் பட்டியலில் சேர்ந்தது. 1988-க்குப் பிறகு தனியார் பயறு ஏற்றுமதிக்கு வழி விட்டபோதுதான் உளுந்து இந்த அளவுக்குப் பெருகியது.

வாங்கும் பக்கத்து அடிக்கு ஒரு உதாரணம் போதும். எங்கள் அடுப்பில் கொதிக்கும் எண்ணெய் பெரும்பாலும் மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து வரும் பாமாயில். 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா தன் மக்களுக்கு எண்ணெய் பற்றவில்லை என்று ஏற்றுமதியை நிறுத்தியது. மூன்று வாரம்தான். அந்த வருஷம் ரங்கூனில் பெண்கள் வெயிலில் பாட்டிலும் டப்பாவுமாக எண்ணெய் வண்டிக்கு வரிசையில் நின்றார்கள். எண்ணெய் இங்கே இன்னும் வீசை கணக்கில்தான் விற்கிறது, ஒரு வீசை சுமார் ஒரு கிலோ அறுநூறு கிராம். நம் பழைய தமிழ்நாட்டு வீசை என்ற சொல்தான். சொல் தங்கிவிட்டது, விலைதான் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

பணத்தின் மதிப்பு விழுவது இன்னும் நுணுக்கமான அடி. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு டாலர் 1,330 கியாட் அளவில் இருந்தது. 2022 ஆகஸ்டில் அரசு விகிதம் 2,100 ஆனது. வெளிச்சந்தையில் 2023-ல் 3,000-ஐத் தாண்டியது. உளுந்து டாலரில் விற்கிறது. ஆனால் அந்த டாலரில் ஒரு பங்கை ஏற்றுமதியாளர் அரசு விகிதத்தில்தான் மாற்ற வேண்டும். அந்த நஷ்டத்தை அவர் ஏற்பாரா? பயறு வாங்கும் விலையில் கழித்துவிடுவார். உரமும் டீசலும் வெளிநாட்டிலிருந்து வருவதால் அவை வெளிச்சந்தை டாலருக்கு ஏறிவிடும். விவசாயி விற்பது ஒரு விகிதத்தில், வாங்குவது இன்னொரு விகிதத்தில். நான் தினமும் எழுதும் கணக்கு இதுதான். எந்தத் தாளிலும் ‘இழப்பு: விவசாயி’ என்று ஒரு பத்தி கிடையாது, ஆனால் கூட்டிப் பார்த்தால் அங்கேதான் வந்து நிற்கிறது.

ஐக்கிய நாடுகள் சபை நாடுகளின் நலிவு நிலையை அளக்க ஒரு குறியீடு வைத்திருக்கிறது. ஏற்றுமதி எவ்வளவு நிலையாக இருக்கிறது, விவசாயத்தை எவ்வளவு நம்பியிருக்கிறார்கள், இயற்கைச் சீற்றம் எவ்வளவு என்பதையெல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகள் பட்டியலிலிருந்து வெளியே வர வேண்டிய வருமானம், மக்கள் நலன், நலிவு நிலை என்ற மூன்று அளவுகோலையும் மியான்மர் 2018-ல் எட்டிவிட்டது. அதாவது தாளில் பார்த்தால், உளுந்து விலை விழுந்த அடுத்த வருஷம் நாடு தேறியிருந்தது. பிறகு 2021-ல் நிலைமையைப் பார்த்து, பட்டியலிலிருந்து எடுக்கும் முடிவைத் தள்ளிவைத்தார்கள். அந்த அளவு பொய் என்று நான் சொல்லவில்லை. நாட்டுக்கு ஒரு எண்தான் கிடைக்கும். ஆனால் யார் வீட்டில் மூட்டை விற்காமல் கிடக்கிறது, யாரிடம் அட்டை இல்லை என்பது அதில் தெரியாது. யாராவது இப்படி ஒரு எண்ணைச் சொன்னால், அது யாருடைய எண் என்று கேளுங்கள்.

நிலைமையைக் கொஞ்சம் சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. 2021-ல் இந்தியாவும் மியான்மரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஐந்து வருஷத்துக்கு, வருஷம் இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் இந்தியா வாங்க அனுமதிக்கும் என்று. இவ்வளவு போகும் என்று முன்கூட்டியே தெரிவதே விதைக்கிறவருக்குப் பெரிய தெம்பு. ஈரம் ஏறாத கிடங்கு ஊரிலேயே இருந்து, அதில் வைத்த மூட்டைமேல் கடனும் கிடைத்தால் களத்தில் விற்கிற அவசரம் குறையும். எல்லாவற்றுக்கும் முன்னால் எங்கள் ஆட்களின் கையில் ஒழுங்கான அட்டை வேண்டும்.

பெரியப்பா 2017-க்குப் பிறகு குத்தகை நிலத்தை விட்டுவிட்டார். கைடிராக்டரையும் விற்றார். இப்போது எட்டு ஏக்கரில் பாதி உளுந்து, பாதி பாசிப்பயறு. இரண்டு வருஷமாக பிரேசிலிலிருந்தும் உளுந்து சென்னைக்கு வருகிறது என்று அவரிடம் சொல்லியிருந்தேன். முன்னெல்லாம் கார்த்திகையில் போன் செய்தால் மழை எப்படி, விதை எப்படி என்றுதான் பேச்சு இருக்கும். போன முறை விதைப்புக்கு முந்தின நாள் ராத்திரி கூப்பிட்டார்.

“தம்பி, அந்தப் பிரேசில்ல இந்த வருஷம் எவ்வளவு போட்டிருக்காங்கன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா. விதைய நனைக்காம வெச்சிருக்கேன்.”